மூக்கின் முதுமை



கண் மங்கியவரை நாம் எளிதில் அறிந்துகொள்கிறோம். அவர் செய்தித்தாளைக் கை நீளும் தொலைவுக்குத் தள்ளிப் பிடிப்பார். ஊசியில் நூல் கோக்கப் பேரனை அழைப்பார். காது மந்தமானவரையும் அறிந்துகொள்கிறோம். ஒன்று கேட்டால் மற்றொன்று சொல்வார். வானொலிப் பெட்டியை அண்டை வீடு அதிரும்படி வைப்பார். ஆனால், மூக்கு மங்கிய ஒருவரை நீங்கள் கண்டதுண்டா? கட்டாயம் கண்டிருப்பீர்கள். அவரோடு ஒரே வீட்டிலேயே வாழ்ந்துகொண்டும் இருக்கலாம். ஆனால் அறிந்திருக்கமாட்டீர்கள். ஏன், அவரே அறிந்திருக்கமாட்டார். இந்த அறியாமையால் வீட்டுக்குள் விளையக்கூடிய ஆபத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

மணத்தைப் பற்றி நம் முன்னோர் அக்கறையற்றவராய் இருந்ததில்லை. உயிர்களை அறிவின் வரிசையில் வகுத்த தொல்காப்பியர், தொடுவதற்கும் சுவைப்பதற்கும் அடுத்த மூன்றாம் அறிவாக மூக்கின் அறிவை வைத்தார். கறையானையும் எறும்பையும் அதற்கு எடுத்துக்காட்டினார். எறும்பு தன் இனம் விட்டுச்சென்ற வாசனையைப் பற்றிக்கொண்டே வரிசையாகச் செல்கிறது என்பதை இன்றைய விஞ்ஞானம் நன்கு அறியும். நாற்றம் என்னும் சொல் பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்தது. பிற்காலத்தில்தான் அதன் பொருள் கெட்டது. நம் வீடுகளில் வழங்கும் சொற்களைப் பாருங்கள். பால் தீய்ந்தால் ஒரு வாடை. சோறு அடிப்பிடித்தால் ஒரு வாடை. குழம்பு ஊசிப்போனால் ஒன்று. எண்ணெய் சிக்குப் பிடித்தால் மற்றொன்று. மிளகாய் தாளிக்கும்போது எழுவதை வாடை என்று யாரும் சொல்வதில்லை, நெடி என்கிறோம். வாடை வேறு, நெடி வேறு என்று நம் பாட்டிமார் பிரித்துச் சொன்னதற்கு உடற்கூற்று நூலிலேயே காரணம் இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரியில் இரசாயனம் கற்பிப்பவன். எந்த வாயுவுக்கு என்ன மணம் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போடுபவன். என்னை வளர்த்த பெரியம்மா எங்களோடு இருக்கிறார். அவருக்கு வயது எழுபத்தெட்டு. நெய்யைக் கையில் தடவி முகர்ந்து, அது எப்படிக் காய்ச்சப்பட்டது என்று சொல்லிவிடுவார் என்று உறவினரிடையே அவருக்குப் பெயர். கொதிக்கும் குழம்பின் மணத்தைக் கொண்டே உப்புக் குறைவைக் கண்டுபிடிப்பார். எங்கள் வீட்டின் மூக்கு அவர்தான் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

மழை மூட்டமான ஒரு மாலைப் பொழுது. பெரியம்மா சிறுதீயில் பாலை வைத்துவிட்டு, அடுப்புக்கு முதுகைக் காட்டித் தரையில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. தீ அணைந்ததே தவிர, வாயு வருவது நிற்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி வந்துகொண்டிருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. கல்லூரியிலிருந்து திரும்பிய என் மகள், வாயிற்படியிலேயே அந்த வாடையை உணர்ந்தாள். சமையலறைக்குள் ஓடினாள். உள்ளே இருட்டு. விளக்கின் சுவிட்சை நோக்கிக் கை போயிற்று. போன கையை அவள் திரும்ப இழுத்துக்கொண்டாள். அந்த ஒரு நொடியை இன்று நினைத்தாலும் எனக்கு உடல் நடுங்குகிறது. அவள் அடுப்பின் திருகையும் சிலிண்டரின் ரெகுலேட்டரையும் மூடினாள். பின்கதவையும் சன்னலையும் திறந்தாள். பாட்டியின் கையைப் பற்றி வெளியே அழைத்துவந்தாள்.

பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எனக்குத் தெரியாத நாற்றம் உனக்குத் தெரிந்துவிட்டதா, பெண்ணே?” என்று கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. சமையலுக்குரிய வாயு காற்றைவிடக் கனமானது. தண்ணீரைப் போலத் தரையில் பரவிக் கிடக்கும். பெரியம்மா அமர்ந்திருந்ததும் அந்தத் தரையில்தான். வாசலில் நின்றவளுக்கு எட்டிய வாடை, அதன் நடுவே இருந்தவருக்கு எட்டவில்லை.

இதன் காரணத்தை அறிய, மூக்கின் உள்ளமைப்பைச் சற்றே பார்க்கவேண்டும். நாம் மூக்கு என்று காணும் பகுதி வெறும் வாயில்தான். உள்ளே உச்சியில், இரு கண்களுக்கும் இடைப்பட்ட மட்டத்தில், தபால்தலை அளவே உள்ள ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதில் இலட்சக்கணக்கான நரம்பணுக்கள் உள்ளன. காற்றோடு வரும் மணத்துகள்களைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் அவற்றின் நுனியில் இருக்கின்றன. இவ்வேற்பிகளை உண்டாக்கும் மரபணுக்களை 1991ஆம் ஆண்டில் லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். 2004ஆம் ஆண்டில் அதற்காக நோபெல் பரிசும் பெற்றனர். மனிதனிடம் ஏறத்தாழ நானூறு வகை ஏற்பிகள் வேலை செய்கின்றன. நானூறு எழுத்துக்கள் கொண்ட ஒரு நெடுங்கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மல்லிகை ஒரு சொல். காப்பி ஒரு சொல். ஊசிய குழம்பு ஒரு சொல்.

இந்த அணுக்களின் இழைகள், மூக்குக்கும் மூளைக்கும் இடையே சல்லடைபோல் அமைந்த எலும்பின் துளைகள் வழியாக மேலே செல்கின்றன. வெளிக்காற்று நேரே வந்து படும் இடத்தில் இருப்பதால் அவை விரைவில் அழிகின்றன. ஆயினும் புதியவை முளைக்கின்றன. உடம்பில் உள்ள நரம்பணுக்களுள் இப்படித் தம்மைப் புதுப்பித்துக்கொள்பவை மிகச் சிலவே. ஆனால் வயது ஏற ஏற அந்தப் புதுப்பித்தல் தளர்கிறது. ஆண்டாண்டாய் வந்த சளிக்காய்ச்சலும் புகையும் தூசியும் அச்சவ்வைத் தேய்க்கின்றன. தேய்ந்த இடத்தில் மணம் அறியாத சாதாரணச் சவ்வு வந்து படர்கிறது. சல்லடையின் துளைகளும் குறுகுகின்றன. மணத்தை இன்னதென்று இனங்காண நினைவும் வேண்டும். முதுமையில் அதுவும் கைகொடுக்கத் தயங்குகிறது. ‘ஏதோ மணக்கிறது, என்னவென்று தெரியவில்லை’ என்று முதியோர் சொல்வதை நீங்கள் கேட்டிருக்கலாம்.

இக்குறை எத்தனை பேருக்கு வருகிறது? அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு டோட்டி என்பவரும் அவருடைய தோழர்களும் 1984ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சுரண்டினால் மணம் எழும் நாற்பது தாள்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் என்ன மணம் என்று சொல்லச் செய்தனர். சோதனைக்கு வந்தவர் 1,955 பேர். வயது ஐந்து முதல் தொண்ணூற்றொன்பது வரை. இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில் மூக்கு மிகக் கூர்மையாக இருந்தது. அறுபத்தைந்துக்கும் எண்பதுக்கும் இடைப்பட்டவருள் பாதிக்கு மேற்பட்டோரிடம் பெருங்குறை காணப்பட்டது. எண்பதைக் கடந்தவருள் முக்காற்பங்குக்கு மேல். ஆடவரைவிடப் பெண்டிர் நன்றாக இனங்கண்டனர். புகைபிடிப்போரைவிடப் பிடிக்காதோர் நன்றாக இனங்கண்டனர்.

இதைவிட என் சிந்தையைக் கவர்ந்தது 2002ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு. விஸ்கான்சின் மாநிலத்தில் பீவர் டாம் என்றொரு சிறு நகரம். அங்கே ஐம்பத்துமூன்று வயது முதல் தொண்ணூற்றேழு வயது வரை உள்ள 2,491 பேரைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 24.5 பேரிடம் மூக்கின் குறை இருந்தது. எண்பதைத் தாண்டியவர்களிடம் நூற்றுக்கு 62.5 பேரிடம் இருந்தது. சோதனைக்குமுன் அவர்களையே, “உங்கள் மூக்கு நன்றாக இருக்கிறதா?” என்று கேட்டுப் பார்த்திருந்தனர். குறை உண்டு என்று சொன்னவர் நூற்றுக்கு 9.5 பேர்தாம். வயது ஏற ஏறக் குறையும் மிகுந்தது. அக்குறையைத் தாமே உணர்வதும் அருகிப்போயிற்று.

இது ஏன் என்று நான் பலநாள் எண்ணிப் பார்த்தேன். கண் மங்கினால் எழுத்து மங்குகிறது. அதனால் கண்ணின் குறை தெரிகிறது. மூக்கு மங்கினால் எது மங்குகிறது? எதுவும் மங்குவதில்லை. வாடையே இல்லாத சமையலறையும், வாடை எட்டாத மூக்குக்குரிய சமையலறையும் ஒன்றுபோலவே இருக்கும். வராத வாசனை, ‘நான் வரவில்லை’ என்று சொல்லி அனுப்புவதில்லை அல்லவா? 2020ஆம் ஆண்டிலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் கொரோனாத் தொற்றால் மணம் இழந்தவர்கள் உங்களுள்ளும் இருக்கக்கூடும். நேற்று மணத்த காப்பி இன்று வெந்நீராய்ப் போயிற்றே என்று திகைத்திருப்பீர்கள். ஒரே இரவில் போனதால் அது தெரிந்தது. இருபது ஆண்டுகளில் சிறிது சிறிதாகப் போவது எப்படித் தெரியும்?

இனி, அந்த வாயுவின் வாடைக்கு வருவோம். உண்மையில் அவ்வாயுவுக்கு இயற்கையில் சொல்லத்தக்க வாடை இல்லை. நாம் உணர்வது வேண்டுமென்றே சேர்க்கப்பட்ட ஒரு துர்நாற்றம். ஏன் சேர்த்தார்கள் என்பதற்கு ஒரு துயரமான வரலாறு உண்டு. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் இருந்தது. எண்ணெய்க் கிணறுகள் மலிந்த வட்டாரம் அது. செலவைக் குறைப்பதற்காக, எண்ணெய்க் கிணற்றிலிருந்து கழிவாக வந்த வாயுவைக் குழாயில் இழுத்து அறைகளைச் சூடாக்கிவந்தார்கள். அவ்வாயு கசிந்து கட்டடத்தின் அடியில் தேங்கியது. வாடை இல்லாததால் ஒருவருக்கும் தெரியவில்லை. 1937ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் பிற்பகலில், தொழிற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் மரத்தை இழைக்கும் மின்கருவியை முடுக்கினார். அதில் எழுந்த பொறி போதுமானதாயிற்று. மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டனர். உங்களைவிட இளையவர்கள் பலர். அதன் பின்னரே, எரிவாயுவில் நாற்றப்பொருளைக் கலக்கவேண்டும் என்று அம்மாநிலம் சட்டம் செய்தது; பிற இடங்களும் பின்பற்றின.

நம் நாட்டுச் சிலிண்டர்களில் கலக்கப்படுவது எத்தில் மெர்காப்டன் என்னும் கந்தகப் பொருள். பூண்டும் பெருங்காயமும் தம் மணத்தைப் பெறுவதும் கந்தகச் சேர்மங்களால்தான். ஒரே குடும்பம் என்றே சொல்லலாம். மிகமிகச் சிறிய அளவே இருந்தாலும் மனித மூக்குக்கு அது எட்டிவிடும். காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு வாயு சேர்ந்தால் தீப்பற்றும் நிலை வருகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு கசியும்போதே வாடை தெரியவேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் யாருடைய மூக்குக்குத் தெரியவேண்டும்? விதியை வகுத்தவர்கள் மனத்தில் கொண்டது நலமான மூக்கை.

இந்த ஐயம் புதிதன்று. 1957ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் சாக், டூஹர்ஸ்ட் என்ற இருவர் இதனை எழுப்பினர். அக்காலத்தில் அங்கே வீடுகளுக்கு வந்தது நிலக்கரி வாயு. அதில் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தது. அதனால் மாண்டவருள் முதியோர் மிகுதியாய் இருப்பதற்கு, அவர்களுடைய மூக்கு மங்கியிருப்பதும் ஒரு காரணமாகலாம் என்று அவர்கள் எழுதினர். 1986ஆம் ஆண்டில் நேஷனல் ஜியாகிரபிக் என்ற அமெரிக்க மாத இதழ், ஆறு மணங்கள் பூசிய தாளைத் தன் வாசகர்களுக்கு அனுப்பியது. ஏறத்தாழ பதினைந்து இலட்சம் பேர் முகர்ந்து பார்த்து விடை எழுதினார்கள். ரோஜா, கிராம்பு, வாழைப்பழம் ஆகியவற்றோடு, வாயுவில் கலக்கும் அந்த மெர்காப்டனும் ஆறில் ஒன்று. வயது எல்லா மணங்களையும் ஒரே அளவில் மங்கச் செய்வதில்லை என்று அதில் தெரியவந்தது. ரோஜாவின் மணம் முதுமையிலும் நெடுநாள் நிலைத்தது. எச்சரிக்கைக்கென்று வைத்த வாடை அதைவிட முன்னதாகவே மங்கத் தொடங்கியது! இயற்கை சிலசமயம் இப்படித்தான் குறும்பு செய்கிறது.

இப்போது வாடைக்கும் நெடிக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வருகிறேன். எங்கள் வீட்டு நிகழ்ச்சிக்குப் பிறகு, பெரியம்மாவிடம் நான் மூக்கின் முதுமையைப் பற்றி எடுத்துச் சொன்னேன். அவர் ஒரே கேள்வியில் என்னை மடக்கினார். “மிளகாய் தாளித்தால் இந்த வீட்டில் முதலில் இருமுவது யார்? நான்தானே?” என்றார். உண்மைதான், அவர்தாம் முதலில் இருமுவார். நான் விழித்தேன்.

விடை இதுதான். மிளகாயின் காரம், நவச்சாரத்தின் உறைப்பு, கற்பூரத்தின் குளிர்ச்சி ஆகியவற்றை உணர்வது மோப்ப நரம்பு மட்டுமன்று. முகம் முழுவதும் கிளைவிட்டு ஓடும் மற்றொரு நரம்பு உண்டு. கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் எரிச்சலையும் வலியையும் குளிர்ச்சியையும் அறிவிப்பது அது. அறிவியலார் அதனை முக்கிளை நரம்பு என்பர். நெடி என்று நாம் சொல்வது பெரும்பாலும் அதன் வேலை. மோப்ப நரம்பு மங்கிய பின்னும் அது ஓரளவு விழித்திருக்கும். ஆகவே மிளகாய்க்கு இருமுகிறவர், தம் மூக்கு நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுகிறார். கசியும் வாயுவில் உள்ள சிறிதளவு மெர்காப்டனோ நெடியாக வந்து உறைக்காது. வாடையாக மட்டுமே வரும். வாடையை அறியும் நரம்பு உறங்கினால், செய்தி போய்ச் சேருவதில்லை.

நான் செய்த பிழை ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அன்று மாலை, அச்சத்தில், “இனி நீங்கள் அடுப்பங்கரைப் பக்கமே வரவேண்டாம்” என்று பெரியம்மாவிடம் கூறிவிட்டேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. மூன்று நாள் அவர் சமையலறைக்குள் காலடி வைக்கவில்லை; சாப்பாட்டையும் பாதியில் நிறுத்தினார். அறுபதாண்டு அரசாண்டவரை ஒரே சொல்லில் முடிதுறக்கச் செய்தால், அவர் வேறென்ன செய்வார்? ஆபத்தை நீக்குகிறேன் என்று புறப்பட்ட நான், அவரையே நீக்கப் பார்த்தேன்.

அந்தப் பிழையைத் திருத்தியவள் என் மகள். சாம்பார்ப் பொடிக்கு வறுக்கக் கற்றுத்தரவேண்டும் என்று பாட்டியைக் கெஞ்சி அழைத்துப் போனாள். பெரியம்மா மல்லி வறுப்பதை அவள் உற்றுப் பார்த்தாள். நிறம் மாறுவதைக் கண்ணால் பார்க்கிறார். கடலைப்பருப்பு வாணலியில் உருளும் ஓசையைக் கேட்கிறார். வெந்தயம் வெடிப்பதை எண்ணுகிறார். ஒருமுறைகூட முகர்ந்து பார்க்கவில்லை! நெடுங்காலப் பழக்கம், மூக்கு விட்டுச்சென்ற வேலையைக் கண்ணுக்கும் காதுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டது. பொடியின் சுவை மாறாததால் எங்களுக்கும் ஐயம் எழவில்லை, அவருக்கும் எழவில்லை. தேர்ந்த சமையற்காரரிடம் இக்குறை நெடுநாள் மறைந்து கிடப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

பிறகு, விளையாட்டுப்போல், கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து சொல்லும் போட்டி ஒன்றை வீட்டில் எல்லோருக்கும் வைத்தாள். நானும் உட்கார்ந்தேன். கற்பூரத்தைப் பெரியம்மா உடனே சொல்லிவிட்டார். கிராம்பைப் பெருஞ்சீரகம் என்றார். காப்பிப்பொடியை முகர்ந்துவிட்டு, நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்னர், “டப்பாவில் ஏதாவது இருக்கிறதா?” என்று மெதுவாகக் கேட்டார். எங்களுள் யாரும் சிரிக்கவில்லை. அன்றுதான் அவர் தாமே அறிந்துகொண்டார்.

அறிந்த பின் மற்றவை எளிதாயின. பால் வைத்தால் அடுப்பை விட்டு நகர்வதில்லை என்று அவரே விதி செய்துகொண்டார். இரவில் அடுப்பின் திருகை மூடுவதோடு நில்லாமல், சிலிண்டரின் ரெகுலேட்டரையும் மூடுவது என் பொறுப்பு. ரப்பர் குழாயின்மேல் அச்சிட்டிருக்கும் காலக்கெடுவை நான் அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன். அது கடந்து நெடுநாளாகியிருந்தது. வாயுக் கசிவை அறிந்து ஒலியெழுப்பும் சிறு கருவியொன்றை வாங்கி, தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் சுவரில் பொருத்தினோம். சிலிண்டர் வாயு கனமானதால் கீழே வைக்கவேண்டும். குழாய்வழி வரும் இயற்கை வாயு காற்றைவிட இலேசானதால், அது வரும் வீடுகளில் கூரையை ஒட்டி வைக்கவேண்டும். மீந்த குழம்புப் பாத்திரத்தின்மேல் நாளை எழுதி ஒட்டுவது மகளின் வேலை. இதனைச் சிறு காரியம் என்று எண்ணவேண்டாம். அமெரிக்காவில் மோப்பக் குறையுடைய 340 நோயாளிகளைப் பற்றி 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், அவர்களுக்கு நேர்ந்த ஆபத்துக்களில் நூற்றுக்கு நாற்பத்தைந்து சமையலின்போது நேர்ந்தவை. இருபத்தைந்து, கெட்ட உணவை அறியாமல் உண்டதால் வந்தவை. இருபத்துமூன்று, வாயுக் கசிவை உணராததால் வந்தவை.

என் மூக்கு இளமையானது, எனக்கு என்ன கவலை என்று உங்களுள் யாரேனும் எண்ணினால், இரண்டு செய்திகளைச் சொல்லவேண்டும். எந்த வாடையும் சிலநிமிடம் தொடர்ந்தால் எந்த மூக்கும் அதனை மறந்துவிடும். கசிவு நடக்கும் அறையிலேயே இருப்பவரைவிட வெளியிலிருந்து வருபவருக்கு அது முன்னே தெரிவது அதனால்தான். மேலும், உறக்கத்தில் மூக்கும் உறங்குகிறது. 2004ஆம் ஆண்டில் மேரி கார்ஸ்கேடன், ரேச்சல் ஹெர்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், இளைஞர் சிலரை உறங்கவைத்து வாடைகளைச் செலுத்திப் பார்த்தனர். ஆழ்ந்த உறக்கத்தில் கடுமையான வாடையும் அவர்களை எழுப்பவில்லை. ஓர் ஒலி எழுப்பியது. மூடிய அறையில் கரியடுப்பை மூட்டிவிட்டு உறங்குவோரைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடுக்கோ வாடையே கிடையாது. அங்கே இளமூக்கும் முதுமூக்கும் ஒன்றுதான்.

வாயு வாடை வந்தால் செய்யவேண்டியது என் மகள் செய்ததே. எந்தச் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி எழும். தீக்குச்சியைத் தொடவே கூடாது. வாயுவை மூடிக் கதவு சன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்த பின், வெளியில் நின்றுகொண்டு 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும்.

மங்கிய மூக்கைத் திருப்பித் தரும் மருந்து உண்டா என்று கேட்பீர்கள். வயதால் வந்ததற்கு உறுதியான மருந்து இல்லை. திடீரென்று மணம் போனாலோ, ஒருபக்க மூக்கு அடைத்தே இருந்தாலோ, மருத்துவரிடம் செல்லவேண்டும். அதற்கு வேறு காரணங்கள் இருக்கக்கூடும். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து மருத்துவர் தாமஸ் ஹம்மலும் அவருடைய தோழர்களும் 2009ஆம் ஆண்டில் ஒரு பயிற்சியை வெளியிட்டனர். ரோஜா, நீலகிரித் தைலம், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களையும் காலையும் மாலையும் பன்னிரண்டு வாரம் முகரச் செய்ததில், மணம் இழந்தோர் சிலருக்கு ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. எங்கள் வீட்டிலும் அந்த நான்கு சிமிழ்கள் இருக்கின்றன. பெரியம்மா அவற்றை நாள் தவறாமல் முகர்கிறார். எலுமிச்சை சிலநாள் எட்டுகிறது என்கிறார். என்னை மகிழ்விக்கச் சொல்கிறாரோ என்னவோ.

சென்ற மாதம் புதிதாகக் காய்ச்சிய நெய்யைக் கொண்டுவந்து, “இதை மோந்து பார், சிக்கு வாடை உண்டா?” என்று பேத்தியிடம் கேட்டார். “இல்லை, பாட்டி” என்றாள் அவள். “சிக்கு வாடை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள், பரண்மேல் எங்கோ கிடந்த பழைய நல்லெண்ணெய்ப் புட்டி ஒன்றைத் தேடி எடுத்துவந்து, மூடியைத் திறந்து, அவள் முன் நீட்டி, “இதுதான். நன்றாக நினைவில் வைத்துக்கொள்” என்றார். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்வாங்கினாள். பெரியம்மா புட்டியைத் தம் மூக்கருகே ஒருமுறை கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, மூடியைத் திருகி மூடினார்.